மைனஸ் எண்பது மேடம்

ஐம்பது வயதைத் தாண்டிய ஆண்மகன் மனைவிக்குத் தெரியாமல் ஒளித்து வைக்கக்கூடிய பொருட்கள் உலகத்தில் அதிகம் இல்லை. நான் ஒளித்து வைத்தது ஒரு ஜின்செங் மாத்திரை பாட்டிலை. இடம், நான் எழுதிய புத்தகங்களுக்குப் பின்னால். வீட்டில் அந்த அலமாரிப் பக்கம் யாரும் போவதில்லை என்பது என் நெடுநாள் அனுபவம்.

தில்லை நகரில் ஒரு கடையில் வாங்கினேன். லேபிளில் ஒரு புலி பாய்ந்துகொண்டிருந்தது. அதன் வயிற்றுக்குக் கீழே ‘ஞாபகசக்தி, இளமை, இன்ன பிற’ என்று போட்டிருந்தார்கள். அந்த ‘இன்ன பிற’வுக்காகத்தான் வாங்கினேன் என்பதைக் கேட்பதற்கு முன்பே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மூன்று மாதம் சாப்பிட்டேன். மலைக்கோட்டைப் படியில் மூச்சு வாங்குவது குறைந்த மாதிரி இருந்தது. முன்மண்டையில் முடி முளைப்பதாகக் கண்ணாடி சொன்னது. நண்பர்களிடம் பூடகமாகப் புன்னகை செய்யக்கூட ஆரம்பித்துவிட்டேன்.

மாடிப் போர்ஷனில் குடியிருந்த பெண்மணி ஒரு நாள் புத்தகம் கேட்டு வந்தார். வந்த இடத்தில், ஊரில் எவரும் செய்யாத காரியமாக, என் புத்தகத்தையே உருவினார். பாட்டில் வெளிப்பட்டது. லேபிளைப் படித்தார். இரண்டு மாத்திரைகளை மட்டும் எடுத்துப் போனார். மறுநாள் சாயங்காலம் வந்து நின்றார்.

“சார், இதுல ஜின்செங் இல்ல.”

“கம்மியா இருக்கா?”

“இல்லவே இல்ல. அரிசி மாவு. கொஞ்சம் காபித்தூள், கலருக்கு.”

“அப்ப எனக்கு வந்த தெம்பு?”

“காபித்தூளா இருக்கும்.”

உறுதியான குரலில் யார் எதைச் சொன்னாலும் நம்பிவிடுவது என் பிறவிக்குணம். அதைக் காபித்தூள் அளவுக்குத் துல்லியமாக எனக்குச் சுட்டிக் காட்டிய அந்தப் பெண்மணிதான் மைனஸ் எண்பது மேடம். வெயிலுக்கென்றே படைக்கப்பட்ட திருச்சி மாநகரத்தில், குளிருக்காக உயிரை விடத் தயாராக இருந்த ஒரே ஜீவன் அவர்தான் என்று ஸ்ரீரங்கத்தின் எந்தக் கோபுரத்தில் வேண்டுமானாலும் ஏறி நின்று சொல்வேன்.

மேடத்துக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். பாலக்கரையில் பிறந்து வளர்ந்தவர். எங்கள் ஸ்ரீரங்கத்திலிருந்து காவிரிக்கு அந்தப் பக்கம், சத்திரம் பஸ் ஸ்டாண்டைத் தாண்டி ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் ஜின்செங் வளர்த்தார். ஜின்செங் என்பது குளிர்ந்த மலைக்காட்டு நிழலில் ஆற அமர, வருஷக் கணக்கில் வளர்கிற கிழங்கு. அதைத் திருச்சியில் வளர்ப்பதென்பது பனிக்கரடியைப் பாலக்கரையில் கட்டிப்போடுகிற மாதிரி. அதனால் அவர் செடியை வளர்க்கவில்லை, வேரை மட்டும் வளர்த்தார். மண் கிடையாது, இலை கிடையாது. கண்ணாடி ஜாடிக்குள், ஏ.சி. இருட்டில், சத்துநீரில், இடியாப்பத்தை மோரில் போட்டு மறந்துவிட்ட மாதிரி அது பாட்டுக்கு வளரும்.

வளர்த்த பிறகு அதைப் படுத்துவார். சூடு காட்டுவார். தண்ணீரைக் குறைப்பார். உப்புப் போடுவார்.

“சும்மா வெச்சா சோம்பேறியாக் கிடக்கும் சார். கஷ்டம் குடுத்தாத்தான் மருந்து சுரக்கும்” என்பார்.

“கேட்டுக்குங்க” என்றாள் என் மனைவி, என்னைப் பார்த்து. அன்றிலிருந்து ரேஷன் கடைக்கு நான்தான் போகிறேன்.

வேருக்கு மிகப் பெரிய கஷ்டம் எது தெரியுமா? மல்லிகை. மல்லிகை வாசனையில் இருக்கிற ஏதோ ஒரு சங்கதி பட்டால் போதும், ஜின்செங் வேர் தன்னைப் பூச்சி கடித்துவிட்டதாக நினைத்துப் பதறி மருந்தைச் சுரக்குமாம். அதை மேடம் சொட்டுக் கணக்கில் அளந்து கொடுப்பார். அளக்காத மல்லிகை பக்கத்தில் வந்தால் பரிசோதனை கெட்டுவிடும் என்று அவருக்குத் தீராத பயம். தலையில் பூ வைத்த யாரும் ஆய்வுக்கூட வாசலை மிதிக்க முடியாது. என் மனைவி மொட்டை மாடிக்குத் துணி உலர்த்தப் போனால், பூவைக் கழற்றிப் படிக்கட்டின் முதல் படியில் வைத்துவிட்டுத்தான் ஏற வேண்டும். பூ மார்க்கெட்டும் கோயிலும் கைகோத்துக் கிடக்கிற ஸ்ரீரங்கத்தில் மல்லிகைக்குப் பயந்து குடியிருப்பது, கடலுக்குள் இறங்கி நின்றுகொண்டு உப்புக்குப் பயப்படுகிற மாதிரி. இருந்தும் எங்கள் தெருவில் கரண்ட் அதிகம் போவதில்லை என்ற ஒரே காரணத்துக்காக வந்து சேர்ந்தார்.

பெயருக்குக் காரணம் வேறு. கல்லூரியில் ஒரு ஃப்ரீசர் இருந்தது. பீரோ உயரம். உள்ளே மைனஸ் எண்பது டிகிரி. படுத்தப்பட்ட வேர்கள் எல்லாம் சின்னச் சின்னக் குப்பிகளில் அதற்குள் உறைந்து கிடந்தன.

“சூடு பட்டவுடனே வேருக்குள்ள மரபணு முழிச்சுக்கும் சார். முழிச்சு, என்ன பண்ணணும்னு ஒரு துண்டுச் சீட்டு எழுதிக்கும். படிச்சு முடிச்சதும் தானே கிழிச்சுப் போட்டுடும். கிழிக்கறதுக்கு முன்னாடி உறைய வெச்சாத்தான் நாம படிக்க முடியும்.”

“உறையறது விட்டுப் போச்சுன்னா?”

“அப்புறம் அது வெறும் கிழங்கு.”

மூன்று வருஷத்துத் துண்டுச் சீட்டுகள் அந்த ஃப்ரீசரில் இருந்தன. பாதிகூட இன்னும் படிக்கப்படவில்லை. மேடத்தின் ஆராய்ச்சித் திட்டம் அந்தப் பொங்கலோடு முடிகிறது. மறுபடி முதலிலிருந்து செய்ய ஆளும் கிடையாது, அனுமதியும் கிடையாது. ஆகவே தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு மாடியிலிருந்து தெருவுக்கே கேட்கிற மாதிரி ஒரு போன் போகும்.

“சவரி, எவ்ளோ காட்டுது?”

கல்லூரி வாட்ச்மேன் சவரிமுத்து மறுமுனையில் சொல்வார். மேடம் அதைத் திரும்பச் சொல்வார்: “மைனஸ் எண்பது. சரி.” எங்கள் தெருவில் பால் பொங்குவதும் குக்கர் இறக்குவதும் அந்தக் குரலை வைத்துத்தான் நடந்தது.

இப்போது அந்த ஆயுத பூஜைக்கு வருகிறேன்.

கல்லூரி, அலுவலகம் எல்லாவற்றிலும் லீவுக்கு முதல் நாளே பூஜை போட்டுவிடுவார்கள் இல்லையா? பூஜை என்றால் பூ. பூ என்றால் மல்லிகை. ஆகவே மேடம் அன்று மத்தியானமே, பூஜைக்கு முன்னாலேயே, உயிருள்ள ஜாடிகளையெல்லாம் பெட்டியில் அடுக்கி, ஆட்டோ வைத்து, மாடி ஏ.சி. அறைக்குக் கொண்டு வந்துவிட்டார். ஜாடிகள் பிழைத்தன. ஏழு மணிக்கு வழக்கம்போல் போன். “மைனஸ் எண்பது. சரி.” நான்கூட நிம்மதியாகச் சுண்டல் சாப்பிட்டேன்.

மறுநாள் சரஸ்வதி பூஜை. காலையில் மேடம் சும்மா இருக்க முடியாமல் இன்னொரு தடவை போன் போட்டார். நான் கீழே சாமி படத்துக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தேன்.

“சவரி, எவ்ளோ காட்டுது?… என்ன, ஒண்ணும் காட்டலையா?… சரியாப் பாருங்க… கண்ணை மூடியிருக்குன்னா என்ன அர்த்தம்?… பிளக் எங்க?”

பிறகு மேடம் போனைக் காதில் வைத்தபடியே, செருப்பில்லாமல் படியிறங்கி வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

நடந்தது இதுதான். சவரிமுத்து ஆய்வுக்கூடத்தைக் கழுவித் துடைத்து, எல்லா மெஷினுக்கும் சந்தனம் வைத்திருக்கிறார். ஃப்ரீசரின் முதுகைக் கழுவுவதற்காக பிளக்கைப் பிடுங்கினார். கழுவின பிறகு மறுபடி சொருக மனசு வரவில்லை.

“எல்லா ஆயுதத்துக்கும் இன்னிக்கு ஒரு நாள் ரெஸ்ட் மேடம். அது மட்டும் வருஷம் பூராக் கத்திக்கிட்டே நிக்குது. பாவம்னு விட்டேன்” என்றாராம்.

“அலாரம் அடிச்சிருக்குமே!”

“கீ கீன்னுச்சு. ஒரு பட்டனை அமுக்கினேன், நின்னுடுச்சு.”

“அப்ப நேத்து நைட்டு மைனஸ் எண்பதுன்னு சொன்னது?”

“நான் கடைசியாப் பாத்தப்ப அதுதான மேடம் காட்டுச்சு!”

மேடம் சொல்லச் சொல்ல சவரிமுத்து பிளக்கைச் சொருகினார். விளக்கு எரிந்தது. எண் தெரிந்தது. மைனஸ் நாற்பத்தேழு. ஆனால் மோட்டார் ஓடவில்லை. முதுகில் ஊற்றிய தண்ணீர் எங்கேயோ இறங்கியிருந்தது. டொக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

“கதவைத் திறக்காதீங்க சவரி. யாரு சொன்னாலும் திறக்காதீங்க. பக்கத்துலயே நில்லுங்க” என்று போனை வைத்தார் மேடம். பிறகு எங்களைப் பார்த்து, தனக்கே சொல்லிக்கொள்வது போல, “மைனஸ் இருபது வரைக்கும் டைம் இருக்கு. அதுக்கு மேல ஏறிடுச்சுன்னா போச்சு” என்றார்.

கல்லூரியின் மற்ற ஃப்ரீசர்கள் பூட்டின அறைகளுக்குள் இருந்தன. சாவி வைத்திருந்த பேராசிரியர்கள் ஊருக்குப் போயிருந்தார்கள். திரவ நைட்ரஜன் தருகிற கம்பெனிக்குப் போன் போட்டால், “மெஷினுக்கெல்லாம் பூஜை போட்டாச்சு மேடம். நாளைக்குத்தான் கை வைப்போம்” என்றார்கள். நான் என் பங்குக்கு, “மீன் மார்க்கெட்டில் ஐஸ் வாங்கலாமே?” என்றேன்.

“ஐஸா? அதுக்கு அது வெந்நீர் சார்.”

அப்போதுதான் என் மனைவி, கையில் சந்தனக் கிண்ணத்தோடு, சாதாரணமாகக் கேட்டாள்: “பால்காரம்மா மாட்டுக்கு சினை ஊசி போட வருவாரே பன்னீர்… அவர் கேனைத் திறந்தா புகையா வருமே, அது என்ன புகை?”

மேடம் அவளை ஒரு விநாடி பார்த்தார். பிறகு பூ வைத்திருந்த என் மனைவியை அப்படியே கட்டிக்கொண்டார்.

காளையின் விந்தை மெல்லிய குச்சிகளில் அடைத்து, திரவ நைட்ரஜன் கேனில் உறைய வைத்துத்தான் சினை ஊசிக்காரர்கள் ஊர் ஊராகப் போகிறார்கள். பால்காரம்மாவுக்குப் போன் போட்டதில் பன்னீர் மேலூரில் ஒரு மாட்டைப் பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. “புது சாக்ஸ் இருந்தா எடுத்துக்குங்க சார்” என்று மேடம் சொல்லிக்கொண்டே வாசலுக்கு ஓடினார். ஏன் என்று கேட்கிற நேரமில்லை. எடுத்துக்கொண்டேன்.

வாசலில் என் பழைய மாருதி, நான்கு சக்கரத்தின் அடியிலும் எலுமிச்சம்பழத்தோடு, நெற்றியில் கனமான மல்லிகை மாலையோடு மாப்பிள்ளை மாதிரி நின்றது. நான் அவசரமாக மாலையைக் கழற்றப் போனேன்.

“விடுங்க சார். உறைஞ்ச வேரை மல்லிகை ஒண்ணும் பண்ணாது. எடுங்க.”

மல்லிகை மாலை போட்ட வண்டியில் மேடம் ஏறி உட்கார்ந்தபோதுதான், விஷயம் எவ்வளவு பெரிது என்பது எனக்கு உறைத்தது. எலுமிச்சம்பழங்கள் நசுங்க வண்டியைக் கிளப்பினேன்.

மேலூரில், ஒரு தென்னந்தோப்பு ஓரத்தில் பன்னீரைப் பிடித்தோம். அவரது வலது கை, தோள் வரை உறையோடு, பசுவுக்குள் இருந்தது. கும்பிட முடியாததால் தலையை மட்டும் ஆட்டினார்.

“விடிஞ்சதுலேர்ந்து கத்திக்கிட்டு இருக்குங்க. இப்ப விட்டா இன்னும் மூணு வாரம் காத்திருக்கணும். சார், நீங்க அந்த வாலைப் பிடிங்க.”

பிடித்தேன். பசு தன் கருத்தை என் வேட்டியின் மேல் தெரிவித்தது. மேடம் ஒரு தென்னை மரத்தைப் பிடித்தபடி கண்ணை மூடி நின்றார். அவசரப்படுத்த ஒரு வார்த்தை சொல்லவில்லை. வேலை முடிந்து பன்னீர் கை கழுவினதும் மேடம் விஷயத்தைச் சொன்னார். பன்னீர் கேனின் மேல் கையை வைத்துக்கொண்டார்.

“மேடம், இதுக்குள்ள இருக்கறது காளைங்க. ஒவ்வொண்ணும் ஒரு ஊருக்கே அப்பன். சும்மாச் சும்மாத் திறந்தா நைட்ரஜன் ஆவியாயிடும். வேர்தானேம்மா? மறுபடி நட்டா வந்துட்டுப் போவுது.”

மேடம் கேனுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

“உங்க நல்ல காளை ஒண்ணு செத்துப் போச்சுன்னு வெச்சுக்குங்கண்ணே. மறுபடி பிறக்காது. இந்தக் குச்சி மட்டும்தான் மிச்சம். அதைக் கொண்டுபோய் யாரோ வெயில்ல வெச்சுட்டாங்க. நீங்க என்ன பண்ணுவீங்க?”

பன்னீர் கேனைத் தூக்கினார். “வண்டியை எடுங்க சார்.”

கேன் பின் சீட்டில் பன்னீரின் முழங்கால்களுக்கு நடுவில். மேடம் முன் சீட்டில். “நாலு ஜன்னலையும் இறக்குங்க. நைட்ரஜன் உள்ளயே தங்கிச்சுன்னா காத்து பத்தாம மூணு பேரும் மயங்கிடுவோம்” என்றார். ஏற்கெனவே நான் பாதி மயக்கத்தில்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

காவிரிப் பாலத்துக்கு முன்னால் வண்டிகள் நின்றுவிட்டன. ஆட்டோ ஸ்டாண்டில் பூஜை. ரோட்டின் நடுவில் வரிசையாகப் பூசணிக்காய் உடைத்துக்கொண்டிருந்தார்கள். உடைத்த பூசணியில் ஒரு ஸ்கூட்டர் வழுக்கி, அதைத் தூக்கி நிறுத்த பத்துப் பேர். மேடம் போனை எடுத்தார்.

“சவரி, எவ்ளோ? கண்ணால பாத்துச் சொல்லுங்க.”

“முப்பத்தொம்பது மேடம். சத்தியமாப் பாத்துட்டேன்.”

நான் ஹார்ன் அடித்தேன். பக்கத்து ஆட்டோக்காரர் திரும்பினார். அவர் பார்த்தது என் பின் ஜன்னலிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்த வெள்ளைப் புகையை.

“யோவ் சார், வண்டி புகையுது! தண்ணி கொண்டாங்கடா!”

பூஜைக்கு வைத்திருந்த பக்கெட் ஒன்று நிஜமாகவே எங்களை நோக்கி வந்தது. திறந்த ஜன்னல் வழியாக அது கேனில் கொட்டப்போகிறது என்பதைப் பின்கண்ணாடியில் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பன்னீர் கேனின் மேல் கவிழ்ந்து படுத்துக் கத்தினார்.

“ஊத்தாதீங்க! உள்ள காளை இருக்கு!”

பக்கெட் அந்தரத்தில் நின்றது. ஆட்டோக்காரர் கேனைப் பார்த்தார். பன்னீரைப் பார்த்தார். சாணியில் நனைந்த என் வேட்டியைப் பார்த்தார்.

“காளையா? இதுக்குள்ளயா?”

“நாலு இருக்கு. வழி விடுங்க!”

இதற்கு மேல் கேள்வி கேட்பது ஆபத்து என்று அந்தக் கூட்டத்துக்குத் தோன்றியிருக்க வேண்டும். வழி பிரிந்தது. பூசணித் துண்டுகளின் மேல் வழுக்கியபடி பாலத்தில் ஏறினோம்.

ஆய்வுக்கூடத்தில் அந்த ஃப்ரீசர், இரண்டு பக்கமும் வாழைக்கன்று, நெற்றியில் சந்தனமும் குங்குமமும், கழுத்தில் மூன்று முழ மல்லிகை, தலையில் ஒரு தட்டுப் பொரி கடலையோடு நின்றது. பக்கத்தில் சவரிமுத்து, குற்றவாளிக் கூண்டில் நிற்பவர் மாதிரி. எண் மைனஸ் முப்பத்திரண்டு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே முப்பத்தொன்று ஆனது.

பன்னீர் கேனைத் திறந்தார். காளைகளைத் தாங்கிய குவளைகளை நெருக்கி, ஒரு பக்கம் ஒதுக்கினார். மேடம் எட்டிப் பார்த்தார். இடம் கொஞ்சம்தான் இருந்தது. மூன்று வருஷத்தில் பாதிகூட அடங்காது.

சூடு பட்ட வேர், உப்பு தின்ற வேர், தண்ணீர் இல்லாமல் தவித்த வேர், மல்லிகைக்கு மிரண்ட வேர் எல்லாம் தனித்தனித் தட்டில் இருந்தன. எதை விடுவது? முப்பது ஆனது.

“சூடு. மல்லி. அந்தக் கீழ்த்தட்டு” என்றார் மேடம்.

“கீழ்த்தட்டுல என்ன?” என்றேன்.

“ஒண்ணும் பண்ணாத வேர்.”

“படுத்தாத வேரா? அதுக்கு எதுக்கு இடம்? கஷ்டப்பட்டதைக் காப்பாத்துங்க மேடம்!”

“சுகமா இருந்தது பக்கத்துல இருந்தாத்தானே சார், கஷ்டப்பட்டது எவ்ளோ கஷ்டப்பட்டுச்சுன்னு தெரியும்.”

கேனின் கழுத்து குறுகல். சாக்ஸ் எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது. குப்பிகளை அதில் போட்டு, நூலில் கட்டி, கிணற்றில் வாளி விடுகிற மாதிரி இறக்க வேண்டும். நூல்? அறை முழுக்கத் தேடினோம். மேடம் ஒரு விநாடி நின்றார். பிறகு ஃப்ரீசரின் கழுத்திலிருந்த மல்லிகை மாலையைப் பிடித்து இழுத்தார். பூவையெல்லாம் ஒரே உருவலில் உருவித் தரையில் உதறி, பூத்தொடுத்த நூலைக் கையில் எடுத்தார். ஆய்வுக்கூடம் முழுக்க மல்லிகை மணந்தது. அவர் மூக்கைக்கூடச் சுளிக்கவில்லை.

கதவு திறந்தது. தடிமனான கையுறையோடு மேடம் எடுத்துத் தர, நான் சாக்ஸைப் பிடிக்க, சவரிமுத்து முடிச்சுப் போட, பன்னீர் இறக்கினார். நைட்ரஜன் சீறியது. நடுவில் எனக்குத் தும்மல் வந்தது. மூன்று பேரும் என்னைப் பார்த்த பார்வையில் அது வந்த வழியே திரும்பிப் போயிற்று. கடைசி சாக்ஸ் இறங்கினதும் கதவைச் சாத்தினார்கள். ஃப்ரீசர் மைனஸ் இருபத்திரண்டு காட்டியது. உப்பு வேரும் தாக வேரும் உள்ளேயே நின்றுவிட்டன. அவற்றுக்காக வேறு எதுவும் செய்வதற்கில்லை.

மேடம் தரையில், உதிர்ந்த மல்லிகைக்கு நடுவில் உட்கார்ந்தார். சவரிமுத்து அழுகிற நிலையில் இருந்தார்.

“மேடம், பாவம்னுதான் மேடம்…”

“தெரியும் சவரி. மூணு வருஷமா ராத்திரி பகலா ஓடுது. அதுக்கு ரெஸ்ட் வேணும்னு உங்களுக்காவது தோணிச்சே. அந்தப் பொரியை எடுங்க, பசிக்குது.”

திரும்பி வரும் வழியில் பன்னீர் மெதுவாகக் கேட்டார். “சார், அந்த வேரு எதுக்கு ஆவும்?”

நான் லேபிளில் படித்ததைச் சொன்னேன். ஞாபகசக்தி, இளமை, இன்ன பிற.

“இன்ன பிறன்னா?”

விளக்கினேன். பன்னீர் மடியிலிருந்த கேனைத் தட்டிக் கொடுத்தார்.

“எங்க காளைங்க வெறும் வைக்கோலும் புண்ணாக்கும்தானுங்க தின்னுச்சு.”

வேர்கள் ஒரு வாரம் காளைகளோடு குடியிருந்தன. பிறகு ஃப்ரீசர் பழுது பார்க்கப்பட்டது. தீபாவளி கழிந்து ஒரு நாள் மேடம் படியிறங்கி வந்து போனை நீட்டினார். வேரைப் பரிசோதித்து எடுத்த கறுப்புப் படத்தில் பளிச்சென்று இரண்டு வெள்ளைக் கோடு.

“ரெண்டு கோடு தெரியுதா சார்? உடையல. சீட்டு கிழியவே இல்ல.”

“ரெண்டு கோடு வந்தா நல்ல சேதிதானே?” என்றாள் என் மனைவி. மேலூர்ப் பசுவுக்கும் அதே வாரம் நல்ல சேதி வந்தது.

பொங்கலுக்குப் பிறகு மேடத்துக்குக் கொரியாவில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை கிடைத்தது. ஜின்செங்கின் சொந்த ஊர். அங்கே குளிருக்காக யாரோடும் சண்டை போட வேண்டியதில்லை. கிளம்புகிற அன்று பெட்டியைக் காரில் வைத்துவிட்டு என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

“மிச்ச வேர் இங்கதான் இருக்கு சார். அப்பப்ப சவரிகிட்ட கேட்டுக்குங்க.”

அப்பப்ப என்ன, தினமும் கேட்டேன். சாயங்காலம் ஏழு மணி ஆனால் கை தானாகப் போனுக்குப் போய்விடும். என் மனைவி அடுப்படியிலிருந்து, “கேட்டாச்சா?” என்பாள். பூ வைத்துக்கொண்டு மாடி ஏற இப்போது தடை இல்லைதான். ஆனாலும் முதல் படியில் கழற்றி வைத்துவிட்டே ஏறுகிறாள்.

“சவரி, எவ்ளோ காட்டுது?”

“மைனஸ் எண்பது சார்.”

“சரி.”

ஒரு தடவை பொய் சொல்லி மாட்டிக்கொண்ட மனிதர் மறுபடி சொல்ல மாட்டார் என்று நம்பினேன். போன வாரம் அந்தப் பக்கம் ஒரு கல்யாணம். அப்படியே கல்லூரிக்குப் போய் அந்த ஃப்ரீசரை ஒரு பார்வை பார்க்கலாம் என்று உள்ளே நுழைந்தேன். ஆய்வுக்கூடத்தில் அது நின்ற இடத்தில் ஒரு மேஜையும் தண்ணீர் கேனும் இருந்தன.

“ஃப்ரீசர் எங்கே சவரி?”

“அதுவா? மேடம் போன ரெண்டாம் மாசமே வேரையெல்லாம் பார்சல் கட்டி வரவழைச்சுக்கிட்டாங்களே சார். பெட்டி காயலாங்கடைக்குப் போயி ஆறு மாசம் ஆச்சு.”

“அப்ப தினமும் மைனஸ் எண்பதுன்னு சொன்னீங்களே!”

சவரிமுத்து தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

“தினமும் கேக்கறீங்க. பாவம்னுதான் சார்.”